பந்து விழும்வரை

அது குடை இல்லை, தம்பி. உங்கள் முழங்காலில் இடிக்கிறதே என்று மூன்று முறை பார்த்துவிட்டீர்கள், நானும் மூன்று முறை நகர்த்தி வைத்துவிட்டேன். பழைய வேட்டியில் சுற்றியிருப்பதால் என்னவோ என்று எண்ணுகிறீர்கள். கோல்ஃப் மட்டை. ஏழாம் எண் இரும்பு மட்டை என்பார்கள். சிங்காநல்லூரில் சீட்டுக் கொடுக்க வந்த நடத்துநர்கூடத் தொட்டுப் பார்த்துவிட்டு என் நெற்றியைப் பார்த்தார். நெற்றி நிறைய நீறு, கழுத்தில் உருத்திராக்கம், கையில் இது. சிரிக்காமல் போனாரே, அந்த மட்டில் பெரிய மனிதர்.

நீங்கள் எதுவரை? தாராபுரமா. நல்லது. நான் சங்கரன்கோவில் போகிறேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு. என் பெயர் சங்கரநயினார். நில அளவைத் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். தாராபுரம் வரும்வரை உங்களுக்கு வேறு வேலை இல்லையென்றால், இந்த மட்டையால் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

என் மனைவி கோமதி இறைவனடி சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஒரே மகன். மெய்கண்டான் என்று பெயர் வைத்தேன். தொழிற்சாலையில் அவனை வேறு எப்படியோ சுருக்கி அழைக்கிறார்கள். பம்பு செய்யும் தொழிற்சாலை, அதில் தலைமைப் பொறியாளர். நல்ல பிள்ளை. குறை சொல்ல ஒன்றும் இல்லை. மாலையில் வந்ததும் "சாப்பிட்டீங்களாப்பா" என்பான். "சாப்பிட்டேன்" என்பேன். அவ்வளவுதான். அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் சொல் கிடையாது. கோமதி இருந்தவரை இது எனக்குத் தெரியவே இல்லை, தம்பி. அவன் சொன்னதை அவள் என்னிடம் சொல்வாள், நான் சொன்னதை அவனிடம் சொல்வாள். தபால்காரி போன பிறகுதான் எங்களுக்குள் கடிதப் போக்குவரத்தே இருந்ததில்லை என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவன் ஒரு நீளமான பையைத் தூக்கிக்கொண்டு விளையாடப் போவான். ஒரு நாள் அந்த வழியில் ஒரு கோவிலுக்குப் போக வேண்டியிருந்ததால் நானும் காரில் ஏறிக்கொண்டேன். ஊருக்கு வெளியே, மேற்கே மலை தெரிகிற இடம். வேலியோரம் நின்று பார்த்தேன். என் மகன் யாரோ ஒருவரோடு புல்வெளியில் நடந்துகொண்டே பேசுகிறான். கையை ஆட்டிப் பேசுகிறான். திடீரென்று தலையைப் பின்னால் சாய்த்து உரக்கச் சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பு அவனிடம் இருப்பதை நான் அறியேன். விசாரித்தேன். ஒன்பது குழிகள், இரண்டரை மணி நேரம், நடை முழுதும் பேச்சு என்றார்கள்.

இரண்டரை மணி நேரம். எனக்கு ஒரு வாரத்தில் கிடைப்பது அவனுடைய "சாப்பிட்டீங்களாப்பா" ஏழு.

அன்றே தீர்மானித்துவிட்டேன், நானும் கற்பதென்று. நிலத்தையே வாழ்நாளெல்லாம் அளந்தவன். கோணம் தெரியும், தூரம் தெரியும், நேர்கோடு தெரியும். அசையாமல் கிடக்கிற ஒரு பந்தை அடிப்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். மகனிடம் சொன்னேன், சொல்லிக்கொடு என்று. அவன் காலணியின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். பிறகு, "நான் சொல்லிக்கொடுத்தா சரியா வராதுப்பா. வேற ஆள் ஏற்பாடு பண்றேன்" என்றான். பெற்ற தகப்பனுக்குச் சொல்லித்தர மனம் வரவில்லை. ஊராரை ஏற்பாடு செய்தான். என் முதல் வருத்தம் அதுதான், குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வேற ஆள் ஜெசிந்தா. நாற்பது வயதிருக்கும். அந்தத் திடலில் புல் வெட்டியவரின் மகள். சிறு வயதில் வேலியோரம் நின்று பார்த்தே கற்றவளாம். நல்ல கெட்டிக்காரி, வாய்தான் சற்று நீளம். என்னைத் தொட்டுத் திருத்தக் கூச்சப்பட்டு ஒரு மூங்கில் குச்சி வைத்திருப்பாள். அந்தக் குச்சியாலேயே என் முழங்கையைத் தட்டுவாள், முழங்காலைத் தட்டுவாள். முதல் நாள் கையுறை கொடுத்தாள். தோல். எந்தத் தோல் என்று கேட்டேன், சொன்னாள். கீழே வைத்துவிட்டேன். மறுநாள் மருமகள் வெள்ளைப் பருத்தியில் ஒன்று வாங்கிவந்து கொடுத்தாள். அது வழுக்கும். வழுக்குகிறதே என்று இறுக்கிப் பிடிப்பேன். இறுக்கிப் பிடித்தால் ஜெசிந்தாவுக்கு ஆகாது.

"ஐயா, அது என்ன பாம்பா? கழுத்த நெரிக்கிறீங்க. விடுங்க, கொஞ்சம் விட்டுப் பிடிங்க."

விட்டுப் பிடிப்பதாம். இடக்கை மேலே, வலக்கை கீழே, வலது சுண்டுவிரல் இடது ஆள்காட்டி விரலின்மேல் ஏறி உட்கார வேண்டும். இரண்டு கைகளும் ஒரு கையாக வேண்டும். பல் துலக்கும் பசைக்குழாயைப் பிதுக்காமல் பிடிக்கிற அளவுக்குத்தான் அழுத்தம். இந்தப் பிடிக்கே எனக்குப் பதினெட்டு நாள். பிறகு நிலை. பாதம் தோள் அகலம், முழங்கால் சற்றுத் தளர்வு, முதுகு நேர், இடுப்பிலிருந்து குனிவு, பந்து இரு பாதத்துக்கும் நடுவில். பிறகு திருப்பம். கையால் தூக்கக் கூடாது, தோள் திரும்ப வேண்டும். இடக்கை மடங்கக் கூடாது. தலை அசையக் கூடாது. பிறகு இறங்கும்போது முதலில் இடுப்பு, பிறகு தோள், கடைசியில்தான் கை. எனக்கோ கைதான் முதலில் வரும். மண்ணை வெட்டும். ஒரு நாள் புல்லும் மண்ணுமாகப் பெயர்ந்து என் வேட்டியில் விழுந்தது. பந்து இருந்த இடத்தில் இருந்தது. ஆமாம், வேட்டிதான். கச்சமாகக் கட்டிக்கொள்வேன். காற்சட்டைக்கு நான் பழகவில்லை.

இன்னொன்று சொன்னாள். அது என்னை மிகவும் கவர்ந்தது. பந்து மேலே எழும்ப வேண்டும் என்று நான் அதை அள்ளித் தூக்கப் பார்ப்பேன். அவள் மட்டையின் முகத்தைக் காட்டினாள், சரிவாக இருக்கும். "இந்தச் சரிவு எதுக்கு இருக்கு? அதுவே தூக்கும்ங்கய்யா. நீங்க கீழ்நோக்கி வீசினாப் போதும். தூக்கறது உங்க வேலை இல்ல." எனக்குக் கண் கலங்கிவிட்டது, தம்பி. அதையல்லவா நம் அடியார்களெல்லாம் பாடினார்கள். என் செயல் என்று ஒன்றுமில்லை, உயர்த்துபவன் வேறொருவன். இதைப் பற்றி நான் கோவில் மண்டபத்தில் நாற்பது ஆண்டுகள் பேசியிருக்கிறேன் என்று அவளுக்கு விளக்கினேன். அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்டாள்.

"ரொம்ப நல்லதுங்கய்யா. இப்ப அப்படியே செஞ்சு காட்டுங்க" என்றாள்.

அள்ளித்தான் தூக்கினேன். உடம்பு கேட்கவில்லை.

இத்தனை விதிகளையும் மனத்தில் இருத்த எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மனப்பாடம். ஓதாமல் எதுவும் நிற்காது. ஆகவே அவள் சொன்னதையெல்லாம் எட்டு விருத்தங்களாக இயற்றினேன். "பாதமோ தோளின் எல்லை, பார்வையோ பந்தின் மீதில், நாதனை நினைந்த நெஞ்சாய் நடுங்கிடா திருக்கும் சென்னி" என்று தொடங்கும். எதுகை, மோனை, சந்தம் எதிலும் பழுதில்லை. பந்தின் முன் நின்று எட்டையும் முழுதாக ஓதி, முடித்து, அதன் பிறகே மட்டையை எடுப்பேன். இரண்டு நிமிடம் ஆகும். ஓதும்போது நடுவில் மயில் வந்தால் இன்னும் ஆகும். அங்கே மயில்கள் உண்டு. முருகனுடைய வாகனம் நிற்கிற திக்கில் பந்தை அடிப்பது எப்படி? கும்பிட்டுவிட்டுக் காத்திருப்பேன். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

ஜெசிந்தா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "பந்து ஓடிப்போகாதுங்கய்யா, ஆனா பின்னால நிக்கறவங்க ஓடிருவாங்க. பாட்டு முடியறப்ப உங்க உடம்பு மரக்கட்டையா இருக்கு. வாய மூடிட்டு வீசுங்களேன்."

வாயை மூடினால் எனக்கு விதி மறந்துவிடும். விதி மறந்தால் பிழை வரும். பிழையோடு எப்படி ஒன்றைச் செய்வது?

இதையும் கேளுங்கள். ஒரு நாள் பயிற்சித் திடலில் நான் வீசிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் மூன்று பேர், பெரிய உத்தியோகஸ்தர்கள். ஜெசிந்தா குச்சியைக் குறுக்கே நீட்டி என்னை நிறுத்தினாள். மறுபடி தொடங்கினேன். மறுபடி நீட்டினாள். மூன்று முறை. பாதி வீச்சில், அத்தனை பேர் முன்னால். அவர்கள் எங்கோ பார்ப்பதுபோல் நின்றார்கள். தம்பி, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுபத்திரண்டு வயதில் இப்படிக் கூசிப்போகலாமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். மறுநாள் வரவே கூடாது என்று இருந்தேன். போனேன். அவளே முன்வந்து, "நேத்து எல்லார் முன்னாடியும் அப்படி நிறுத்தியிருக்கக் கூடாதுங்கய்யா, தப்புதான்" என்றாள். பண்புள்ள பெண். செய்த தவறை ஒருவர் தாமே உணர்ந்து சொல்வதென்பது இந்தக் காலத்தில் அரிது.

மூன்று மாதம் ஆயிற்று. ஒருவாறு பந்து நகரத் தொடங்கியது. களத்துக்குப் போகும்முன் கடைசி விதியாக ஒன்று சொன்னாள். "அடிச்சதோட முடியலைங்கய்யா. மட்டை தோளுக்கு மேல போய் நிக்கட்டும். அப்படியே நில்லுங்க. பந்து விழற வரைக்கும் திரும்பாதீங்க, பேசாதீங்க." இதை மட்டும் நான் விருத்தத்தில் சேர்க்கவில்லை. எட்டு முடிந்துவிட்டதே, ஒன்பதாவதாக ஒன்று தனித்து நிற்பது அழகில்லை.

மகனிடம் போய், "வருகிற ஞாயிறு உன்னோடு ஆட வரலாமா" என்று கேட்டேன். அவன் வியந்துதான் போனான். "வாங்கப்பா" என்றான். அந்த வாரம் நண்பர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாங்கள் இருவர் மட்டும் போனோம்.

இப்போது என் உண்மையான குறைக்கு வருகிறேன். முதல் குழியில் எட்டு விருத்தமும் ஓதி வீசினேன். பந்து காலடியிலிருந்து பத்தடி உருண்டது. அவன், "பரவால்லப்பா. இன்னொன்னு அடிங்க" என்றான். இரண்டாவது, வலப்புறம் முட்செடிக்குள் போயிற்று. "பரவால்லப்பா." மூன்றாவது குழியில் காற்றைத்தான் அடித்தேன். "பரவால்லப்பா, அதக் கணக்குல வச்சுக்க வேணாம்." ஒரு திருத்தம் சொல்லவில்லை. என் முழங்கை மடங்குகிறது, தலை எழுகிறது, எனக்கே தெரிகிறது, இருபது ஆண்டுகளாக ஆடுபவனுக்குத் தெரியாதா? பார்த்துக்கொண்டே நிற்கிறான். ஓதும்வரை பொறுமையாகக் காத்திருக்கிறான். பின்னால் வந்தவர்களைக் கையைக் காட்டி முன்னே போகச் சொல்லிவிடுகிறான். ஆனால் பிழையைப் பிழை என்று சொல்ல வாய் வரவில்லை. தகப்பன்மேல் அக்கறை இருந்தால் ஒரு சொல் திருத்தாமல் இருப்பானா? நீங்களே சொல்லுங்கள்.

நான் அப்படி வளர்க்கவில்லை. அவனுக்கு ஐந்து வயதிலிருந்து பதிகம் சொல்லிக்கொடுத்தவன் நான். குரல் என்றால் அப்படி ஒரு குரல், கோமதியின் குரல். பதினான்கு வயதில் தபசுத் திருவிழாவில் அவனை மேடையேற்றினேன். நானூறு பேர் இருந்தார்கள். ஒரு பதிகத்தின் மூன்றாம் அடியில், ஒரே வீச்சில் போக வேண்டிய இடத்தில், மூச்சு வாங்கினான். முன்வரிசையிலிருந்து கையை உயர்த்தி நிறுத்தினேன். முதலிலிருந்து தொடங்கினான். அதே இடத்தில் மூச்சு. நிறுத்தினேன். மறுபடியும். நிறுத்தினேன். நான்காம் முறை நான் கை உயர்த்தியபோது என்னையே பார்த்தான். கைத்தாளத்தைப் பலகைமேல் மெதுவாக வைத்துவிட்டு இறங்கிப் போனான். அதற்குப் பிறகு வீட்டில் அவன் பாடிக் கேட்டதில்லை. கோமதி எத்தனையோ சொன்னாள், அவனிடம் ஒரு வார்த்தை பேசுங்கள் என்று. என்ன பேசுவது? நானூறு பேர் பிழையான ஒன்றைக் காதில் வாங்கிக்கொண்டு வீடு போயிருப்பார்கள். அவன் நன்மைக்காகத்தானே. எதற்குச் சொன்னேன் என்றால், திருத்துவதும் ஓர் அன்பு. அது அவனிடம் இல்லை.

சரி, ஆறாவது குழிக்கு வருகிறேன். தூரம் குறைந்த குழி. எங்கள் நில அளவைக் கணக்கில் ஐந்து செயின் தூரம், அதாவது நூற்றுப் பத்து கஜம். எங்களுக்கு முன்னால் போனவர்கள் இன்னும் குழியைச் சுற்றிய புல்தரையைவிட்டு நகரவில்லை. காத்திருந்தோம். வெயில் இன்னும் ஏறவில்லை. மலைப்பக்கமிருந்து காற்று வந்தது. அவன் எனக்குப் பின்னால் பையில் சாய்ந்துகொண்டு மலையைப் பார்த்து நின்றான். அவர்கள் விலகினார்கள். நான் பந்தின் முன் நின்றேன். பாதமோ தோளின் எல்லை என்று தொடங்கப் போகிறேன், பின்னால் மெல்லிய ஒலி.

பாடுகிறான், தம்பி. வாய்க்குள்ளேயே. தான் பாடுவது அவனுக்கே தெரிந்திருக்காது. அந்தப் பதிகம்தான். முப்பத்தோராண்டு கழித்து, குரல் தடித்திருக்கிறது, ஆனால் அடியில் கோமதி இருக்கிறாள்.

ஒருவர் அடிக்க நிற்கும்போது மற்றவர் ஓசை எழுப்பக் கூடாதென்பது அந்த ஆட்டத்தின் முதல் ஒழுக்கம். அதை அவன் மீறினான். நான் அதைக்கூடப் பெரிதுபடுத்தவில்லை.

எனக்கு விருத்தம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எட்டும் போய்விட்டது. கை என்ன செய்தது, இடுப்பு என்ன செய்தது, அறியேன். மட்டை தானே மேலே போயிற்று, தானே இறங்கிற்று. ஓசைகூடப் பெரிதாக இல்லை, ஒரு சிறு சொடுக்கு. கையில் பாரமே தெரியவில்லை. நிமிர்ந்தால், பந்து மலைக்கு நேரே ஏறிக்கொண்டிருக்கிறது. தூக்கியது நானில்லை. அப்படி ஓர் அடி எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்த நொடியில்தான் அவன் மூன்றாம் அடிக்கு வந்தான். மூச்சு வாங்கினான். அதே இடத்தில். முப்பத்தோராண்டு, தம்பி. அதே இடத்தில்.

திரும்பி, "அங்கே மூச்சு வாங்காதே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கடுமையாகக்கூடச் சொல்லவில்லை.

பாட்டு நின்றுவிட்டது. அவன் என்னைப் பார்த்தான். பிறகு, "சரிப்பா" என்றான். மட்டையை என் கையிலிருந்து வாங்கித் துடைத்துப் பையில் வைத்தான். மீதி மூன்று குழிகளும் ஆடினோம். நான் அடித்ததெல்லாம் மண். அவன், "பரவால்லப்பா, பரவால்லப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

அடுத்த ஞாயிறு தொழிற்சாலையில் ஏதோ சோதனை என்றான். அதற்கடுத்த ஞாயிறும் வேலை என்றான். மூன்றாம் ஞாயிறு ஆறு மணிக்கு நான் எழுந்து வந்து பார்த்தேன். காலணி வைக்கிற மூலையில் அந்தப் பை இல்லை. அதிலிருந்து எடுத்து வைத்த என் மட்டை மட்டும் அங்கே சுவரில் சாய்ந்து நின்றது.

அப்போதே புரிந்துவிட்டது. என் வீச்சு அவனுக்குத் தொந்தரவாக இருக்கிறது. அவனோடு ஆடுகிற அளவுக்கு நான் தேறவில்லை. யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? ஜெசிந்தாவிடம் போய் அந்த ஆறாவது குழி அடியைப் பற்றிக் கேட்டேன், எப்படி வந்தது, மறுபடி எப்படி வரவழைப்பது என்று. நடந்ததை முழுதும் சொன்னேன். நான் பேசி முடிக்கும்வரை அவள் குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். "கடைசியா சொன்னத மறந்துட்டீங்களேய்யா" என்றாள். வேறொன்றும் விளக்கவில்லை. பாடம் சொல்பவர்கள் இப்படிப் பாதியில் நிறுத்தினால் கற்பவன் என்ன செய்வான்?

ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்து வருகிறேன் என்றேன். மகன் தடுக்கவில்லை. இன்று காலையில் காரில் கொண்டுவந்து விட்டான். நான் இருக்கையில் உட்கார்ந்த பிறகு, ஓடிப்போய் இதை எடுத்துக்கொண்டு வந்தான். அவன் அம்மாவுடைய பெட்டியிலிருந்த என் பழைய வேட்டியில் அவனே சுற்றியிருக்கிறான். "இதையும் கொண்டுபோங்கப்பா" என்று சன்னல் வழியாகக் கொடுத்தான். பயிற்சியை விட வேண்டாம் என்கிறான். அப்படித்தானே பொருள்? வீட்டில் இது இருக்க வேண்டாம் என்று நினைத்திருப்பானோ என்றும் ஒரு கணம் தோன்றியது. சே, அப்படி நினைக்கக் கூடாது. நான் முழங்கையைச் சரிசெய்து திரும்பினால் கூப்பிடுவான்.

என்ன கேட்டீர்கள்? பாட்டு நன்றாக இருந்ததென்று அவனிடம் சொன்னேனா என்றா? நன்றாக இருந்ததை எதற்குச் சொல்ல வேண்டும், அது அவனுக்கே தெரியாதா? பிழையை அல்லவா எடுத்துச் சொல்ல வேண்டும். நீங்களும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறீர்களே.

அதோ, தாராபுரம் வந்துவிட்டது. பையை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டீர்கள்.

பந்தா? அந்தப் பந்து எங்கே விழுந்ததென்றா?

பார்க்கவில்லை, தம்பி. அது மேலே இருக்கும்போதே நான் திரும்பிவிட்டேன். இத்தனை நாளாக யாரும் இதை என்னிடம் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவன் மலையைப் பார்த்துத்தான் நின்றான். அவனுக்குத் தெரிந்திருக்கும்.